ஜெர்சி தீவில் நிதித்துறை வேலை: சம்பளத்தைப் பார்க்கும் முன் ஸ்டேட்டஸைப் பாருங்கள்

பிரான்ஸின் நார்மண்டி கரையை ஒட்டி, சுமார் 9 மைல் நீளமும் 5 மைல் அகலமும் உள்ள தீவு ஜெர்சி. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இந்தச் சின்ன இடத்தின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துவது நிதித்துறைதான். டிரஸ்ட் (பிறருக்காகச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் அறக்கட்டளை) நிர்வாகம், ஃபண்ட் அட்மினிஸ்ட்ரேஷன் (முதலீட்டு நிதிகளின் கணக்கு, நிர்வாக வேலை), ஆடிட், கம்ப்ளையன்ஸ் (விதிகளை நிறுவனம் பின்பற்றுகிறதா என்று பார்க்கும் வேலை) ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஜெர்சி பிரிட்டனின் பகுதி அல்ல. பிரிட்டிஷ் மன்னரின் கீழ் வரும் தனி நிர்வாகம் அது; சட்டம் தனி, வரி தனி, மருத்துவம் தனி. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் எதையும் அப்படியே இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

இரண்டு அனுமதிகள், ஒன்றல்ல

முதலாவது குடிவரவு. பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு நிறுவனம்தான் ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது வந்த பிறகு நீங்கள் விசா எடுக்கிறீர்கள். பிரிட்டனுக்கான வேலை விசா ஜெர்சியில் செல்லாது; ஜெர்சி பெர்மிட்டை வைத்து லண்டனில் வேலை பார்க்கவும் முடியாது.

இரண்டாவதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2012-ஆம் ஆண்டின் வீடு மற்றும் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தீவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டேட்டஸ் உண்டு. எங்கே வேலை பார்க்கலாம், எந்த வீட்டில் குடியிருக்கலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. புதிதாக வருகிறவருக்குக் கிடைக்கக்கூடியது லைசென்ஸ்டு அல்லது ரெஜிஸ்டர்டு. லைசென்ஸ்டு என்றால், இந்த ஆள் இல்லாமல் முடியாது என்று அரசிடம் சொல்லி நிறுவனம் வாங்கிய அனுமதி. சாதாரண வீட்டை உங்கள் பெயரிலேயே வாடகைக்கு எடுக்கலாம், குடியிருப்பதற்கு வாங்கவும் செய்யலாம். பழைய ஆட்கள் இதை இன்னமும் ‘ஜே கேட்’ என்பார்கள். ரெஜிஸ்டர்டு என்றால் வீடு வாங்க முடியாது. லாட்ஜிங் எனப்படும் வாடகை அறை விடுதி, ஊழியர் விடுதி, யாராவது ஒருவர் வீட்டில் ஓர் அறை என்று அந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டதில்தான் குடியிருக்க வேண்டும். தேர்வும் குறைவு, தரமும் சுமார்தான். குடும்பத்தோடு வருகிறவருக்கு இது கிட்டத்தட்ட சாத்தியமே இல்லை.

ஆகவே ஆஃபர் லெட்டர் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் எச்.ஆருக்கு மின்னஞ்சலில் இதைக் கேளுங்கள்: “இந்தப் பதவிக்கு லைசென்ஸ்டு அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறதா, இல்லை இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறீர்களா? அதற்குக் காலவரம்பு உண்டா? ஒர்க் பெர்மிட் எத்தனை வருடத்துக்கு?” பதில் எழுத்தில் வர வேண்டும். “பார்த்துக்கொள்ளலாம்” என்று போனில் சொன்னால், இன்னும் கிடைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ்டு உங்களோடு ஒட்டியது அல்ல, அந்த வேலையோடு ஒட்டியது. வேலை போனால் ஸ்டேட்டஸும் போகும், வீடும் கேள்விக்குள்ளாகும். பெர்மிட்டும் அதே நிறுவனத்தைச் சார்ந்ததுதான். புரொபேஷன் காலத்தில் வீடு வாங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம். இடமாற்றச் செலவை நிறுவனம் கொடுத்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்தையும் படித்துவிடுங்கள்.

தொடர்ந்து 5 வருடம் இருந்தால் எந்த நிறுவனத்திலும் சேர உரிமை வரும். வீடு விஷயத்தில் முழு உரிமைக்கு 10 வருடம். லைசென்ஸ்டு ஊழியரின் கணவன் அல்லது மனைவிக்கு இந்தச் சட்டப்படி வேலை பார்க்கும் உரிமை கிடைத்துவிடும். விசா மட்டும் தனியாக எடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாத நல்ல சலுகை.

எந்தத் தகுதிக்கு மதிப்பு

ஆடிட், ஃபண்ட் பக்கம் போகிறவர்களுக்கு ஏ.சி.ஏ., ஏ.சி.சி.ஏ. என்ற பிரிட்டிஷ் கணக்காளர் தகுதிகள். டிரஸ்ட் பக்கம் என்றால், அந்தத் துறையினரின் தொழில் அமைப்பான ஸ்டெப் (STEP) தரும் டிப்ளமா. கம்ப்ளையன்ஸுக்கு, சர்வதேச கம்ப்ளையன்ஸ் சங்கமான ஐ.சி.ஏ. தரும் தகுதி. நேர்காணலுக்கு முன் மூன்றைப் புரட்டிவிட்டுப் போங்கள்: 1984-ஆம் ஆண்டின் டிரஸ்ட் சட்டம், 2008-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்பு ஆணை, ஜே.எஃப்.எஸ்.சி. என்ற ஜெர்சி நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையத்தின் நடத்தை விதிகள். ‘வாடிக்கையாளரின் பணம் எங்கிருந்து வந்தது என்று எப்படி உறுதி செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு மனப்பாடப் பதில் எடுபடாது. என்ன ஆவணம் கேட்பீர்கள், அதில் எதைப் பார்ப்பீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

வரியே இல்லையாமே?

உண்டு. நிறுவனங்களுக்கான பொது வரி 0% என்பதால் கிளம்பிய பேச்சு அது. சம்பளக்காரருக்கு இரண்டு விதமாகக் கணக்குப் போடுவார்கள். ஒன்று நேராக 20%. மற்றொன்று, விலக்குத் தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு 26%. எது குறைவோ அது. பெரும்பாலோர் இரண்டாவதில்தான் வருவார்கள். இதற்கு மேல் சமூகப் பாதுகாப்புக்கு ஒரு உச்சவரம்பு வரை 6%, நீண்டகாலப் பராமரிப்புக்கு 1.5%. கடையில் வாங்கும் பொருளுக்கு ஜி.எஸ்.டி. 5%. மூலதன ஆதாய வரியும் வாரிசு வரியும் கிடையாது. வந்தவுடன் வரித்துறையில் பதிவு செய்து, உங்கள் சம்பளத்தில் எத்தனை சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற அறிவிப்பை நிறுவனத்திடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பொது விகிதத்தில், பெரும்பாலும் கூடுதலாகவே, பிடிப்பார்கள்.

இறங்கிய பிறகு

முதல் வேலை ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு. பெயர், சமூகப் பாதுகாப்பு எண், ஸ்டேட்டஸ் எல்லாம் அதில்தான் இருக்கும். வீட்டுக்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

அடுத்தது ஒரு சிக்கல். வங்கி முகவரிச் சான்று கேட்கும். வீட்டுக்கு முன்பணம் கட்ட வங்கிக் கணக்கு வேண்டும். முதல் மாதத்துக்குத் தற்காலிகத் தங்குமிடத்தை நிறுவனமே ஏற்பாடு செய்யும்படி பேசுங்கள். அந்த முகவரியைக் குறிப்பிட்டு வங்கிக்கு ஒரு கடிதமும் வாங்குங்கள். பழைய சம்பளச் சீட்டுகளையும் வங்கி அறிக்கைகளையும் ஊரிலிருந்தே கையோடு கொண்டு போங்கள். கணக்குத் திறக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை செலவுக்கான பணத்தை வெளிநாட்டில் எடுக்கக்கூடிய கணக்கில் வைத்திருங்கள்.

வீட்டு முன்பணத்தை அரசு அங்கீகரித்த வைப்புத் திட்டத்தில் 30 நாளுக்குள் போட்டு வைப்பது உரிமையாளரின் கடமை. அந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி 1 அன்று யார் குடியிருக்கிறாரோ அவர் பெயருக்கு அந்த வருடத்துக்கான பாரிஷ் (உள்ளூர் நிர்வாகப் பகுதி) வரி பில் வரும், வாடகைக்காரராக இருந்தாலும். டிசம்பரில் குடியேறுகிறவர்கள் இதைக் கேட்டு முழிப்பது வழக்கம்.

டாக்டரைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டும். அதற்கான அரசு மானியமும் 6 மாதம் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புச் செலுத்திய பிறகுதான். அந்த இடைவெளிக்கு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு முதல் நாளிலிருந்தே செல்லுமா என்று பாருங்கள். பல் வைத்தியத்தைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

ஜெர்சி பவுண்டும் பிரிட்டிஷ் பவுண்டும் சம மதிப்பு. ஆனால் ஜெர்சி நோட்டை லண்டன் கடையில் நீட்டினால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்; விமானம் ஏறும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். மூடுபனியால் விமானங்கள் ரத்தாவதும் சகஜம். வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய நாள் வந்து சேருவதுபோல் டிக்கெட் போடாதீர்கள்.

வேலை மாற நினைத்தால், புதிய நிறுவனத்தின் பெர்மிட்டும் லைசென்ஸ்டு அனுமதியும் எழுத்தில் வந்த பிறகே ராஜினாமா கொடுங்கள். வாடகை ஒப்பந்தங்களையும் பங்களிப்புப் பதிவுகளையும் வருட வாரியாகச் சேர்த்து வையுங்கள். 5 வருடமோ 10 வருடமோ, தொடர்ந்து அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.