சர்க்கரை நோய்க்கு மாத்திரை தொடங்குகிறீர்களா? படிப்படியான வழிகாட்டி

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று உறுதியாகி, மருந்துச் சீட்டோடு வீடு திரும்புபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" நல்ல கேள்வி. ஆனால் எந்த மாத்திரை என்று தெரியாமல் யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு மருந்து கல்லீரல் சர்க்கரையை உற்பத்தி செய்வதைக் குறைக்கிறது, இன்னொன்று கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, மற்றொன்று சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. வேலை வேறு என்பதால் சாப்பிடும் நேரமும் வேறு, ஆபத்தும் வேறு. தெரிந்தவர் ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதைப் பார்த்து நீங்களும் அப்படியே சாப்பிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கீழே உள்ளவை டாக்டரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவர் எழுதிக் கொடுத்ததைப் பிசகில்லாமல் கடைப்பிடிக்கத் துணை செய்பவை.

படி 1: மருந்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த வணிகப் பெயர். அதன் அருகே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு, கிளிக்லசைடு, பயோகிளிட்டசோன், சிட்டாகிளிப்டின், டப்பாகிளிஃப்ளோசின் போன்றவை அடிக்கடி எழுதப்படுபவை. பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாத்திரைக்குள் இரண்டு அல்லது மூன்று மருந்துகள் சேர்ந்திருப்பதும் உண்டு. இங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு டாக்டர்களிடம் காட்டுபவர், இரண்டு வணிகப் பெயர்களில் ஒரே மருந்தை இரு மடங்கு விழுங்கிக்கொண்டிருக்கலாம். சிறிய எழுத்தைப் படித்தால் இது உடனே தெரிந்துவிடும்.

மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டியவை: சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றில் உள்ள கோளாறுகள், மதுப் பழக்கம், கர்ப்பம் அல்லது கர்ப்பத்துக்கான திட்டம், ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளும். உதாரணமாக, பயோகிளிட்டசோன் உடலில் நீரைத் தேக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது ஆகாது.

படி 2: சாப்பாட்டோடு பொருத்துங்கள்

மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் அதிகமாகும்.

கிளிமிப்பிரைடை நாளின் முதல் முழுச் சாப்பாட்டோடு எடுப்பது வழக்கம். இந்த மருந்து, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டிவிடும். ஆகவே சாப்பாடு இல்லையென்றால் மாத்திரையும் இல்லை. கிளிக்லசைடு, கிளிப்பிசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவையும் இதே குடும்பம்தான். மாத்திரையை விழுங்கிவிட்டு "சாப்பாடு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வேலையில் மூழ்குவது இந்தக் குடும்பத்து மருந்துகளோடு ஒத்துவராது.

அகார்போஸ் உணவிலுள்ள மாவுச்சத்து குடலில் செரிப்பதைத் தாமதப்படுத்துவது. சாப்பாட்டின் முதல் வாயோடு சேர்த்து எடுத்தால்தான் பயன் கிடைக்கும். சிட்டாகிளிப்டினுக்கும் டப்பாகிளிஃப்ளோசினுக்கும் சாப்பாட்டு விதி கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் எடுத்தால் போதும். டப்பாகிளிஃப்ளோசினால் சிறுநீர் அதிகம் போகும் என்பதால் காலை வேளை வசதியானது. செமாகுளூட்டைடு மாத்திரைக்கு எல்லாமே தலைகீழ்: காலையில் வெறும் வயிற்றில், 120 மில்லிலிட்டருக்கு மிகாத வெறும் தண்ணீரோடு விழுங்கி, பிறகு குறைந்தது 30 நிமிடம் எதையும் உண்ணாமல், குடிக்காமல், வேறு மாத்திரையும் எடுக்காமல் இருக்க வேண்டும்.

மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டிய மருந்து ஒரேயடியாக உடலில் கலந்துவிடும். இந்த வகை மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் மலத்தில் மாத்திரை போன்ற ஒன்றைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அது மருந்து வெளியேறிய பிறகு மிஞ்சும் வெற்று உறை.

படி 3: மெட்ஃபார்மினின் முதல் வாரங்களைப் பொறுமையாகக் கடந்து செல்லுங்கள்

பெரும்பாலானவர்களுக்கு முதலில் எழுதப்படுவது மெட்ஃபார்மின். ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் இதைப் பற்றி எழுதினார். அன்றிலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து. வழக்கமாக 500 மில்லிகிராமில் ஆரம்பித்து, வாரக் கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். தொடக்கத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயில் உலோகச் சுவை வரலாம். பலருக்கு இவை சில வாரங்களில் தணிந்துவிடும். தணியவில்லையென்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றவோ அவரால் முடியும்.

"இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்" என்ற பயத்தில் விட்டுவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது ஆண்டுக்கணக்கில் கட்டுக்கடங்காமல் இருக்கும் சர்க்கரை. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அது உடலில் தேங்கி, அரிதாக இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும். அதனால்தான் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண் (பரிசோதனை அறிக்கையில் eGFR) 30க்குக் கீழே போனால் இதைக் கொடுப்பதில்லை. அளவுக்கு மீறிய மதுவும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

படி 4: தாழ்சர்க்கரையை அடையாளம் காணப் பழகுங்கள்

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிமிப்பிரைடு குடும்பத்து மருந்தோ இன்சுலினோ சேர்ந்தால் நிலைமை வேறு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், பேச்சுக் குழறல் ஆகியவை அறிகுறிகள். இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம். அவர்கள் வியர்வையைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவியில் 70க்குக் (மில்லிகிராம்/டெசிலிட்டர்) கீழே காட்டினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுங்கள். குளுக்கோஸ் மாத்திரை இல்லையென்றால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மீண்டும் அதே அளவு. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். கருவி கையில் இல்லாமல் அறிகுறி மட்டும் தெரிந்தால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அகார்போஸ் எடுப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வெள்ளைச் சர்க்கரை செரிப்பதையும் அந்த மருந்து தடுப்பதால் சர்க்கரைத் தண்ணீர் விரைவாக வேலை செய்யாது. அவர்கள் தூய குளுக்கோஸையே வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கிளிமிப்பிரைடு குடும்பத்து மருந்துகள் நீண்ட நேரம் வேலை செய்பவை. ஒருமுறை ஏறிய சர்க்கரை மறுபடி தாழலாம் என்பதால் தெளிந்த பிறகும் கண்காணிப்பு தேவை.

படி 5: மறந்த வேளைக்கு ஈடு செய்யாதீர்கள்

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை வழக்கமான அளவை மட்டும் எடுங்கள். இரண்டாகச் சேர்த்து எடுப்பது கூடாது.

படி 6: உடம்புக்கு முடியாத நாள், ஸ்கேன், அறுவை சிகிச்சை

கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வரும் நாட்களில் என்ன செய்வது என்பதை நலமாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உடலில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினையும் டப்பாகிளிஃப்ளோசின் குடும்பத்தையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். இன்சுலின் எடுப்பவர் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கீட்டோன் அமில ஆபத்து, அதாவது உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேர்வது. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மிகுந்த சோர்வு இருந்தால், கருவி சர்க்கரை அதிகமில்லை என்று காட்டினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடுக்கும் மருந்தின் பெயரை அங்கே முதலிலேயே சொல்லுங்கள். இவ்விரு மருந்துகளையும் அறுவை சிகிச்சைக்கு மூன்று நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். அரிப்பு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள்.

ஸ்கேனுக்காக அயோடின் கலந்த சாயத்தை ஊசியில் ஏற்றப்போகிறார்கள் என்றால் மெட்ஃபார்மின் எடுப்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள். சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கு அதை நிறுத்தி, 48 மணி நேரத்துக்குப் பின் மறுபரிசோதனை செய்த பிறகே மீண்டும் தொடங்குவார்கள்.

படி 7: பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை, தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை. பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்பது இலக்கு. முதியவர்களுக்கும் தாழ்சர்க்கரை அடிக்கடி வருபவர்களுக்கும் டாக்டர் அதைத் தளர்த்துவார். சிறுநீரகப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறையாவது வேண்டும். மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். காலில் வரும் மரமரப்பைச் சர்க்கரையின் மீதே போட்டுவிடாமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எண் இலக்குக்குள் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். எடை குறைந்து, அளவுகள் பல மாதம் நிலையாக இருந்தால் குறைக்க வாய்ப்பு உண்மையிலேயே உண்டு. அடுத்த சந்திப்புக்கு அந்த அளவுகளை எழுதி எடுத்துச் சென்று, எந்த மருந்தை முதலில் குறைக்கலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள்.