எதிராளி படுத்துவிட்டால் கட்சிக்காரன் என்ன செய்ய வேண்டும்

பாலக்கோட்டில் எனக்கு ஃபிளெக்ஸ் கடை. ஒரு கட்சியில் கிளைச் செயலாளராக இருந்தவன்தான், ஆனால் கடைக்கு எல்லாக் கரை வேட்டியும் வரும். ஒருவரைத் திட்டி பேனர் அடித்த மெஷினிலேயே பிறகு அவருக்குக் கண்ணீர் அஞ்சலியும் அடித்திருக்கிறேன். புதிதாகக் கட்சிக்கு வரும் பையன்களுக்கு பூத் வேலை சொல்லித்தர ஆள் உண்டு. எதிராளி நோயில் படுத்துவிட்டால் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தர யாரும் இல்லை.

முதலில் சேதி வரும். "அவருக்கு நெஞ்சுவலியாம், தர்மபுரி ஜி.எச்.சுக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்களாம்." உடனே மனசுக்குள், 'இந்தத் தடவை நமக்கு வழி விட்டுச்சு' என்று ஒரு நினைப்பு ஓடும். எனக்கு ஓடாது என்று சொல்பவரை நம்பாதீர்கள். நினைப்பை யாரும் பிடித்து நிறுத்த முடியாது. போனைப் பிடித்து நிறுத்தலாம், சட்டைப்பையில் போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போடுகிற சிரிப்பு பொம்மையை ராத்திரிக்குள் அவர் மகள் பார்த்துவிடுவாள். நம் ஊரில் பங்காளியும் மாமன் மச்சானும் ஆளுக்கொரு கட்சியில் இருக்கிறார்கள், எந்தக் குழுவிலும் ரகசியம் நிற்காது.

'நல்லா வேணும்' என்று எழுதக் கூடாது. 'செஞ்ச பாவம் சும்மா விடுமா' என்பது அதைவிட மோசம். நாளைக்கு உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரையால் காலை எடுத்தால், அது யார் செய்த பாவம் என்று ஊர் கேட்கும்.

அப்படியானால் எதைத்தான் விரும்பலாம்? அவர் தோற்க வேண்டும், டெபாசிட் போக வேண்டும் என்று தாராளமாக விரும்புங்கள், கோயிலில் வேண்டிக்கொண்டாலும் தப்பில்லை. 1996-இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவையே பர்கூரில் தோற்கடித்த ஜனங்கள் நாம். ஓட்டால் அவ்வளவு செய்ய முடிகிறபோது காசு வெட்டிப் போடுவதும் மண் வாரித் தூற்றுவதும் எதற்கு? உடம்பு, வீடு, பிள்ளைகள் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

வழக்கில் மாட்டினால் கொண்டாடலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். தீர்ப்பைப் படித்து, அதில் உள்ளதை மேடையில் சொல்லுங்கள். ஜெயில் வாசலில் அவர் மனைவி அழுகிற படத்தை பேனராக அடிக்கச் சொல்லி என் கடைக்கு வராதீர்கள். தண்டனை வாங்கியது நம் தலைவர் என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற கோபத்தில்தான் தர்மபுரி பக்கம் இலக்கியம்பட்டியில் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். கல்விச் சுற்றுலா வந்த வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் எரிந்து போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்? நமக்கு வலித்தால் வேறு எவருக்காவது வலித்தே தீர வேண்டும் என்ற வெறி ஆளைப் பார்ப்பதில்லை. தர்மபுரிக்காரன் இதைத் தாண்டி இந்த விஷயத்தைப் பேச முடியாது.

ஆனால் கேள்வி கேட்பது கெடுதல் நினைப்பதாகாது. 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5-இல் இறக்கும் வரை முதலமைச்சர் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் இருந்தார். இலாகாவை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிற உரிமை எல்லோருக்கும் இருந்தது. அக்டோபரில் அவை ஓ. பன்னீர்செல்வத்திடம் போயின. உங்கள் ஊராட்சித் தலைவர் படுத்துவிட்டால், கையெழுத்து யார் போடுகிறார்கள் என்று பி.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். எத்தனை நாள் தாங்குவார் என்று நர்ஸம்மாவிடம் கேட்காதீர்கள்.

வியாதியை நம்பித் தேர்தல் வேலையைக் குறைப்பது மடத்தனமும்கூட. 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார்.

பார்க்கப் போகலாமா? போக வேண்டும். 2016-லேயே ஜெயலலிதாவை விசாரிக்க ஸ்டாலின் அப்பல்லோவுக்குப் போனார். டிசம்பரில் கருணாநிதி காவேரி மருத்துவமனையில் இருந்தபோது அ.தி.மு.க.விலிருந்து தம்பிதுரை போய் விசாரித்தார், அவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். ஆனால் பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள். எம்.ஜி.ஆர். இறந்தபோது கருணாநிதி போய் அஞ்சலி செலுத்தினார். அந்தத் துக்கக் கூட்டத்தில் வந்தவர்கள்தான் அண்ணா சாலையில் இருந்த கருணாநிதி சிலையை உடைத்தார்கள்.

போகும்போது இரண்டு பேர் போதும். கரை வேட்டி வேண்டாம், போட்டோ எடுக்கிற பையனும் வேண்டாம். சாத்துக்குடி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனில் என்ன வந்தது என்று துருவாமல், "பசங்க வந்துட்டாங்களா, சாப்பாடு யாரு கொண்டாராங்க?" என்று கேளுங்கள். "சீக்கிரம் எழுந்து வாங்கண்ணா, உங்களை எதிர்த்துத்தான் நான் நிக்கணும்" என்று ஒருவர் சொல்லி, படுத்திருந்தவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பழக்கம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். கட்டிலில் இருப்பவர் பேச்சு வாக்கில் தன் கட்சி உள்குத்தைக் கொட்டுவார். அதை வெளியே கொண்டுவந்தால் நீங்கள் போனது விசாரிக்க அல்ல, வேவு பார்க்க.

இறந்துவிட்டால் மாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பேனர் வேண்டாம். என் தொழிலுக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன். எதிர்க்கட்சி ஆள் வைக்கிற அஞ்சலி பேனரில் செத்தவர் படம் தபால்தலை மாதிரி மூலையில் இருக்கும், வைத்தவர் கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு நிற்பார். அப்படி டிசைன் கேட்டு வருபவரிடம் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன்.

காரியம் முடியும்வரை அவர் பெயரை மேடையில் இழுக்க வேண்டாம். அதற்குப் பிறகு அவர் காலத்துக் கணக்கைப் பேசலாம், வீட்டாரைப் பேசக் கூடாது. தேறி வந்துவிட்டால் தயவு காட்டி அடக்கி வாசிக்காதீர்கள், அதை அவர் அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வார். தார் ரோட்டு கமிஷனை எந்த இடத்தில் விட்டீர்களோ அங்கிருந்தே பிடியுங்கள்.