எதிரொலியா, எதிரொளியா?

வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து, காற்றும் இல்லாத நேரத்தில் மைய மண்டபம் தலைகீழாகத் தெரியும். இதை எழுதும்போது பலர் 'எதிரொலிக்கிறது' என்று போட்டுவிடுகிறார்கள். மண்டபம் எங்கே சத்தம் போட்டது!

ஒலி திரும்பினால் எதிரொலி, ஒளி திரும்பினால் எதிரொளி. காதால் கேட்பதா, கண்ணால் பார்ப்பதா என்று ஒரு நொடி யோசித்தால் போதும். அப்படியும் குழப்பமா? திருமலை நாயக்கர் மகாலின் 'ஒலி ஒளி காட்சி'யை நினைத்துக்கொள்ளுங்கள், முதலில் சத்தம், அடுத்தது வெளிச்சம். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தியை நம்பியிருக்க முடியாது.

'பிரதிபலிப்பு' வடமொழி வழி வந்தது. அதுவும் சரிதான், ஆனால் எனக்கு எதிரொளிப்புதான் பிடிக்கும். பார்த்ததும் பொருள் புரிகிறதே.

அப்புறம், குளம் அசையாமல் இருக்கும்போது கண்ணாடிபோல் தெரிகிறதே, அது ஒழுங்கான எதிரொளிப்பு. ஆங்கிலத்தில் 'ஸ்பெகுலர்' என்பார்கள்; கண்ணாடியைக் குறிக்கும் 'ஸ்பெகுலம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பழந்தமிழிலோ 'ஆடி' என்றாலே கண்ணாடிதான். மாதத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.