ஜார்ஜியாவின் மலைக் கணவாய்களும் பழைய தேவாலயங்களும்: முதல் பயணத்தைத் திட்டமிடும் முறை

ஜார்ஜிய மொழியில் மலைக் கணவாயை ‘உகெல்தெகிலி’ என்பார்கள். ‘உகெலி’ என்றால் நுகத்தடி. ‘தெகிலி’ என்றால் முறிந்தது. காக்கசஸ் மலைத்தொடரை ஒரு நுகத்தடியாகவும், அது முறிந்து தாழ்ந்த இடத்தை மனிதர் கடக்கும் வழியாகவும் கண்ட மக்கள், தங்கள் தேவாலயங்களில் பலவற்றை அந்த வழிகளின் ஓரத்திலேயே கட்டினார்கள். பகைவர் வந்தாலும் வணிகர் வந்தாலும் வழி ஒன்றுதான் என்பதால், காவலும் வழிபாடும் அங்கே ஒரே மதிலுக்குள் இருந்தன.

ஆகவே புதிதாகச் செல்பவர்கள் தேவாலயங்களின் பட்டியலை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பாதையைத் தேடுவது தலைகீழான வேலை. முதலில் கணவாயைப் பாருங்கள்; அது திறந்திருக்கும் நாளுக்குள் எந்தத் தேவாலயங்கள் அடங்கும் என்று அடுத்தபடியாகப் பாருங்கள்.

படி 1: மாதத்தையும் வட்டாரத்தையும் முடிவு செய்தல்

ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் வரையிலான காலமே முதல் பயணத்திற்கு உகந்தது. குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால், திபிலிசியிலிருந்து வடக்கே ரஷ்ய எல்லை வரை செல்லும் ‘ராணுவ நெடுஞ்சாலை’யே அடிக்கடி மூடப்படும்; உயர்ந்த கணவாய்களில் பனி உருகி வழி திறக்கவே கோடை வந்துவிடும்.

வட்டாரங்களைப் பொறுத்தவரை, தலைநகர் திபிலிசிக்கு வடக்கே கஸ்பெக் மலையடிவாரத்தையும், வடமேற்கில் ஸ்வானெத்தியையும் எடுத்துக்கொண்டால் போதும். 2,800 மீட்டருக்கு மேலே செல்லும் அபானோ கணவாயைத் தாண்டித் துஷெத்திக்குப் போகும் ஆசையை அடுத்த பயணத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள். தடுப்புச் சுவரில்லாத ஒற்றை மண் சாலையில், எதிரே வரும் வண்டிக்கு வழிவிடப் பின்னோக்கி ஓட்டத் தெரிந்த உள்ளூர் ஓட்டுநர்களுக்கான பாதை அது.

படி 2: ராணுவ நெடுஞ்சாலையை அவசரமின்றிக் கடத்தல்

கஸ்பெக் மலையடிவாரத்து ஊரான ஸ்தெபன்ஸ்மிந்தா, திபிலிசியிலிருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில் இருக்கிறது. திதுபே நிலையத்திலிருந்து ‘மர்ஷுருத்கா’ எனப்படும் சிற்றுந்துகள் செல்கின்றன; கட்டணம் குறைவு. ஆனால் அவை வழியில் நமக்காக நிற்பதில்லை. எனவே இந்த ஒரு நாளுக்கு மட்டும் நான்கு பேராகச் சேர்ந்து வாடகைக் கார் அமர்த்திக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

முதல் நிறுத்தம் மத்ஸ்கேத்தா. ஊருக்கு எதிரே குன்றின் மேல் நிற்கும் ஜ்வாரி மடாலயம் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்டது. கீழே ஊருக்குள் இருக்கும் ஸ்வெத்தித்ஸ்கோவெலி பேராலயம் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பேராலயத்தின் வடக்கு வெளிச்சுவரில், கட்டடக் கலைஞர் அர்சுகிட்ஸேயின் பெயரோடு, கருவியைப் பிடித்த ஒரு கை செதுக்கப்பட்டிருப்பதைத் தேடிப் பாருங்கள். முன்வாசலிலேயே படமெடுத்துத் திரும்புகிறவர்கள் அதைக் காண்பதே இல்லை. ஓர் எச்சரிக்கை: ‘ஜ்வாரி’ என்றால் சிலுவை என்றே பொருள். இதே பெயரில் வழியில் ஒரு கணவாயும் வரும். வரைபடத்தில் வெறுமனே ‘ஜ்வாரி’ என்று தேடிவிட்டு, மடாலயம் இருக்கும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட வேண்டாம்.

அடுத்தது அரக்வி ஆற்றங்கரையில் உள்ள அனனூரி. கோட்டைக்குள் இருக்கும் பெரிய தேவாலயம் 1689இல் கட்டப்பட்டது. அரக்வி சிற்றரசர்கள் இங்கிருந்துதான் வழியைக் காத்தார்கள். ஜின்வாலி நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கை நிரப்பிவிட்டதால் இன்று ஏரிக்கரைக் கோட்டைபோல அழகாகத் தெரிகிறது. அந்த நீரை மனத்தால் வடித்துவிட்டுப் பார்த்தால்தான் இதைக் கட்டியவர்களின் கணக்கு புரியும். நீருக்கு அடியில் இருந்த பழைய பாதையில் போகும் எவரும் இந்த மதிலின் பார்வைக்குத் தப்பியிருக்க முடியாது.

அதன்பின் சாலை வளைந்து வளைந்து குதவுரிக்கு ஏறி, ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் ஜ்வாரி கணவாயைக் கடக்கிறது. ரஷ்ய எல்லையை நோக்கிச் செல்லும் சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கும் நாட்களில் கணக்கிட்ட நேரத்திற்கு மேல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 3: கெர்கெத்திக்கு நடந்தே ஏறுதல்

ஸ்தெபன்ஸ்மிந்தா 1,740 மீட்டரிலும், அதற்கு மேலே கெர்கெத்தி திரித்துவத் தேவாலயம் 2,170 மீட்டரிலும் இருக்கின்றன. இந்த 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் வரை 2018இலிருந்து தார்ச்சாலை உண்டு. இருந்தாலும் முதல் பயிற்சிக்கு இதைவிட நல்ல ஏற்றம் கிடைக்காது என்பதால் நடந்தே செல்லுங்கள்.

நேரத்தைக் கணக்கிட, வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 5 கி.மீ. தூரத்திற்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரம். கெர்கெத்தி பாதையை இரண்டரை கி.மீ. என்று கொண்டால் அதற்கு அரை மணி நேரம்; 430 மீட்டர் ஏற்றத்திற்கு 43 நிமிடம்; ஆக ஒன்றே கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. நீங்கள் ஏறி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால், இனிவரும் எல்லா மலைப் பாதைகளுக்கும் விதி சொல்லும் நேரத்தை ஒன்றரை மடங்குக்கு மேலாகப் பெருக்க வேண்டும் என்று பொருள். எனக்கு அன்று ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. அந்த எண் அதன்பின் என்னைப் பலமுறை காப்பாற்றியது.

காட்டாக, ஜூத்தா கிராமத்திலிருந்து 3,338 மீட்டர் உயரமுள்ள சௌகி கணவாயைக் கடந்து ரோஷ்காவுக்குச் செல்லும் பாதையில், ஏற்றம் மட்டுமே 1,100 மீட்டருக்கு மேல். என் வேகத்தில் ஏற்றத்திற்கே கூடுதலாக மூன்று மணி நேரம் சேரும். பிற்பகலில் இடிமழை திரளும் மலையில் அது கட்டுப்படியாகாது. ஆகவே கணவாய்க்குக் கீழே உள்ள புல்வெளி வரை சென்று திரும்பினேன்.

படி 4: தேவாலயத்தினுள் நடந்துகொள்ளும் முறை

இவை வழிபாடு நடக்கும் இடங்கள். பெண்கள் தலையை மூடிப் பாவாடை அணிய வேண்டும். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு நுழையக் கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். கெர்கெத்தி போன்ற இடங்களில் வாசலிலேயே துணிகள் வைத்திருப்பார்கள். ஆனால் சிறு கிராமங்களில் இருக்காது என்பதால் ஒரு பெரிய துப்பட்டாவைப் பையிலேயே வைத்திருங்கள். திருவுருவங்கள் வைத்த தடுப்புச் சுவருக்கு அப்பால் செல்ல வேண்டாம். தேன்மெழுகு வர்த்தி வாங்கவும் காணிக்கை இடவும், ‘லாரி’ எனப்படும் ஜார்ஜியப் பணத்தில் சில்லறை நாணயங்கள் தேவைப்படும்.

படி 5: ஸ்வானெத்தியில் சாவியைத் தேடுதல்

இந்தப் பயணத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மேல் ஸ்வானெத்தி 1996இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எல்லோரும் கல் கோபுர வீடுகளைப் பார்க்கிறார்கள். அவற்றினிடையே ஒரு களஞ்சிய அறை அளவுக்கே இருக்கும் தேவாலயங்களைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. உள்ளேதான் தெவ்தோரே இருக்கிறார். ‘அரசரின் ஓவியர்’ என்று தம்மைக் குறிப்பிட்டுக்கொண்ட இவர், இப்ராரியில் 1096இலும் நாகிபாரியில் 1130இலும் சுவரோவியங்கள் தீட்டினார். அரசவை ஓவியர் ஒருவர் இந்த மலைமூலைக்கு வந்து, நாலைந்து குடும்பங்கள் நிற்கவே இடம் போதாத அறைகளில் தம் பணியைச் செய்தார் என்பது, இந்தக் கிராமங்கள் அன்று எவ்வளவு முக்கியமாகக் கருதப்பட்டன என்பதற்குச் சான்று.

இந்தக் கதவுகளுக்கு அலுவலக நேரம் என்று ஒன்று கிடையாது. சாவி கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் இருக்கும். எதிர்ப்படுகிறவரிடம் ‘கமர்ஜோபா’ என்று வணக்கம் சொல்லி, தேவாலயத்தைக் கைகாட்டி, ‘கசாகேபி’ என்று கேளுங்கள். சாவி என்று பொருள். அவர் ஒரு வீட்டைக் காட்டுவார். ஒரு கிராமத்தில் நான் அப்படிக் கேட்டபோது, காட்டப்பட்ட வீட்டில் யாரும் இல்லை. சாவிக்காரர் வைக்கோல் வெட்டச் சரிவுக்கு மேலே போயிருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, தோளில் அரிவாளும் இடுப்பில் உள்ளங்கை நீளச் சாவியுமாக இறங்கி வந்த அந்தப் பெரியவர், கதவைத் திறக்கும்முன் கைகழுவிவிட்டு வந்தார். இன்னொரு கதவு கடைசிவரை திறக்கவே இல்லை. எனவே ஒரு நாளுக்கு இரண்டு தேவாலயங்களுக்கு மேல் வைக்காதீர்கள்.

உள்ளே படமெடுக்க முதலில் அனுமதி கேளுங்கள். ‘இல்லை’ என்றால் வாதிடாதீர்கள், எந்த நிலையிலும் பிளாஷ் வேண்டாம். பலிபீடம் கிழக்கே இருப்பதால் அந்தப் பக்கச் சாளரத்தின் வழியே காலையில்தான் வெளிச்சம் நன்றாக வரும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதலில் ஒளிவட்டங்களும், பிறகு முகங்களும், கடைசியாகக் குதிரைகளின் கால்களும் தெரியத் தொடங்கும். கூட்டத்தோடு காண விரும்பினால் ஜூலை 28 அன்று காலா பகுதியில் நடக்கும் க்விரிகோபா திருவிழாவுக்கு வரலாம்; ஓவியங்களை நிதானமாகப் பார்ப்பதற்கான நாள் அதுவல்ல.

படி 6: உஷ்குலியும் சகாரி கணவாயும்

ஸ்வானெத்தியின் முக்கிய ஊரான மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி என்ற மலைக்கிராமத்துக்கு நான்கு நாள் நடைபாதை ஒன்று உண்டு. அதற்கு உடல்வலு இல்லாதவர்கள் வண்டியில் போகலாம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஷ்காரா மலையின் பனிச்சுவர் பின்னணியில், லமாரியா தேவாலயம் தன் மதிலோடு ஊருக்குச் சற்று மேலே நிற்கிறது. அங்கு நடந்து போகும்போது ஆட்டு மந்தை எதிர்ப்பட்டால் சுற்றிச் செல்லுங்கள். காவல் நாய்கள் மிகப் பெரியவை; அவை நெருங்கிவிட்டால் மேய்ப்பர் குரல் கொடுக்கும்வரை அசையாமல் நிற்பதே நல்லது.

உஷ்குலிக்குப் பின் சாலை 2,600 மீட்டர் உயரமுள்ள சகாரி கணவாய் வழியே லெந்தெகிக்கு இறங்குகிறது. எரிபொருளை மெஸ்தியாவிலேயே நிரப்பிக்கொண்டு, முந்தின மாலை அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஓட்டுநர் யாரிடமாவது சேற்றின் நிலையைக் கேளுங்கள். நடந்து ஏறுவதானால், எங்கே இருந்தாலும் பகல் 12 மணிக்குத் திரும்பி இறங்கத் தொடங்கிவிடுவேன் என்று, தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசர உதவிக்கு 112.