மரத்தின் பழைய பெயரைக் கேட்டு எழுதி வைப்பது எப்படி

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மரங்களின் பழைய பெயர்களைச் சேகரிக்கப் போகிறீர்களா? "இது என்ன மரம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இதை வச்சு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள், பெயர் தானாக வரும். வயசான ஆசாரி, கூடை முடைகிறவர், துணி வெளுத்தவர் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள், தொழில் மாறினால் பெயரும் மாறும்.

சேங்கொட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டுத் துணி என்று தெரிய அதன் பாலைத் தொட்டுத்தான் ஓரத்தில் குறி போட்டார்கள், கூடவே சுண்ணாம்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது, அதனால்தான் அதற்கு வண்ணான் கொட்டை என்றே பெயர். ஆனால் பார்க்கும் ஆசையில் வெறுங்கையால் உடைத்துவிடாதீர்கள், பால் பட்ட இடம் கொப்பளித்துவிடும்.

குடைப்பனை சுலபம், அதன் ஓலையில்தான் ஓலைக்குடை கட்டினார்கள்.

தீக்குச்சி மரத்தில்தான் கவனம் வேண்டும். சமவெளியில் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் பெருமரம், மலையாளக்கரையில் தீக்குச்சிக்குப் போவது மட்டி, இரண்டும் ஒரே பேரினத்து வேறு வேறு மரங்கள். அதனால் பெயரை மட்டும் எழுதினால் போதாது. இலை, பூ, காய், பட்டை நான்கையும் படம் எடுங்கள், மலையாளப் பெயரையும் பக்கத்திலேயே குறியுங்கள், எந்தப் பாகம் எந்த வேலைக்கு என்று கேளுங்கள். அப்புறம், சொன்னவர் வாயில் வந்த உச்சரிப்பை நீங்களாகத் திருத்தாதீர்கள்.