டாங்கி மாடலின் உள்பாகம்: தகவல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1/35 (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவு) டாங்கி மாடலுக்கு உள்பாகம் கட்டுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வெட்டுவதிலோ ஒட்டுவதிலோ இல்லை. பார்த்த படம் எந்த வண்டியுடையது, எந்த வருடத்தது என்று கேட்காமல் விடுவதில்தான்.

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க டாங்கியான ஷெர்மனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த வண்டிகளில் குண்டுகள் டிராக்குக்கு மேலே பக்கவாட்டுப் பெட்டிகளிலும் இருந்தன. அடிபட்டால் எளிதில் தீப்பிடித்தது. அதனால் 1944-இல் வந்த வண்டிகளில் குண்டுகளை டரட்டுக்கு (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) கீழே தரைக்கு இறக்கி, சுற்றிலும் கிளைக்கால் (நீர் உறையாமல் இருக்கச் சேர்ப்பது) கலந்த நீர் வைத்தார்கள். ஷெர்மனின் ஒரு வகையான எம்4ஏ3-இல், இப்படி நீர் வைத்த வண்டிகளில், 75 மி.மீ. பீரங்கிக்கு 104 குண்டுகள், 76 மி.மீ. பீரங்கிக்கு 71. தோட்டா உறையின் நீளமும் வேறு: 350 மி.மீ., 539 மி.மீ. உங்கள் ஸ்கேலில் 10 மி.மீ., 15.4 மி.மீ. ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதைக் கட்டினால் குண்டு அடுக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

அருங்காட்சியக வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 1943-இல் துனீசியாவில் பிடிபட்டு இங்கிலாந்தின் போவிங்டனில் இருக்கும் ஜெர்மன் டாங்கி டைகர் 131-இல் முதலில் இருந்தது எச்எல்210 இன்ஜின்; அந்த இன்ஜினின் உடல் அலுமினியம். இன்று அதை ஓட்டுவது எச்எல்230; இந்த இன்ஜினின் உடல் வார்ப்பிரும்பு. இன்றைய படத்தை வைத்து 1943 வண்டியின் இன்ஜின் அறையைக் கட்டுவது தவறு. ஊர்ச் சந்திப்புகளில் நிறுத்தியிருக்கும் பழைய டாங்கிகளுக்குள் பெரும்பாலும் கழற்றக்கூடியது எதுவும் மிஞ்சியிருக்காது.

1/35 வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டதும் அளந்து பாருங்கள். டைகரின் உடல் நீளம் (பீரங்கி நீங்கலாக) 6.316 மீட்டர், தாளில் 180.5 மி.மீ. வர வேண்டும். 175 வந்தால் தாளுக்குள் அடக்கும் 'ஃபிட் டு பேஜ்' அமைப்பு சுருக்கிவிட்டது என்று பொருள். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வாடைக்காற்று மாதங்களில் தாள் ஈரம் குடித்து உப்பும்; நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே அளவாக உப்பாது. ஆகவே இரண்டு திசையிலும் சரிபாருங்கள். கணினியிலேயே அளந்து எண்ணை எழுதிக்கொள்வது இன்னும் நல்லது.

நிறத்தை போன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளைச் சுவரும் தந்த நிறமாகத் தெரியும். ஷெர்மனின் உள்சுவர் வெள்ளை. ஆனால் ஹேட்ச் (வீரர்கள் ஏறி இறங்கும் வாயில்) மூடியின் உள்பக்கம் வெளி நிறம்தான், திறந்தால் எதிரி கண்ணில் படக் கூடாதே. டைகரில் மேல்பாகம் தந்த நிறம், தரை செம்பிரைமர் (துருத் தடுப்புக்கான செந்நிற அடிப்பூச்சு).

துருவில் நம் கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பாம்பனில் நங்கூரத்தையும் விசைப்படகு இரும்பையும் பார்த்துப் பழகிய கண், டாங்கிக்குள்ளும் செந்துருவைத் தேடும். ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் அப்படித் துரு கிடையாது. பூட்ஸ் உரசிய இடத்தில் பெயின்ட் போய் இரும்பு மின்னும், மூலையில் மண்ணும் கிரீஸும் சேரும், அவ்வளவே. துருவேறிய உள்பாகப் படங்களில் பல, போருக்குப் பின் வெட்டவெளியில் கிடந்த வண்டிகளுடையவை.

எம்4ஏ3-க்கான அமெரிக்க ராணுவக் கையேடு டிஎம் 9-759. எந்தப் பொருள் எங்கே பொருந்தும் என்பதற்கு அதைப் பாருங்கள். வீரர்கள் உண்மையில் எதை எங்கே திணித்து வைத்தார்கள் என்பதற்குப் போர்க்களப் படங்களைப் பாருங்கள். இரண்டிலும் காணாத பாகத்தை ஊகித்து ஒட்டுவதைவிட, அதற்கு மேலே உள்ள ஹேட்ச்சை மூடி வைப்பது நேர்மையான வேலை.