கண்டிஷனல் நாக்அவுட் எலிகள்: சினாப்ஸ் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் இடமான சினாப்ஸில் வேலை செய்யும் பல மரபணுக்களை உடல் முழுவதும் நீக்கினால் எலிக்குட்டி பிழைப்பதில்லை. சினாப்ஸில் வேதிச் சமிக்ஞையைப் பெறும் என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கான என்.ஆர்.1 மரபணு இல்லாத குட்டி பிறந்த ஒரு நாளுக்குள் இறந்துவிடும். முன்க்18-1 என்ற மரபணு இல்லாவிட்டால் நரம்பணுக்கள் வேதிச் சமிக்ஞைகளை வெளியிடுவதே நின்றுபோகும். அதனால்தான் குறிப்பிட்ட செல்களில் மட்டும் மரபணுவை நீக்கும் கண்டிஷனல் நாக்அவுட் முறை தேவைப்பட்டது. 1996-ல் எம்.ஐ.டி.யில் சுசுமு டோனெகாவாவின் ஆய்வுக்கூடம் நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் சி.ஏ.1 பகுதியில் என்.ஆர்.1-ஐ நீக்கிக் காட்டியது. எலிகள் வளர்ந்தன, ஆனால் இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளத் தடுமாறின.

முறை எளிதானது. நீக்க வேண்டிய பகுதியின் இரு பக்கமும் 34 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள லாக்ஸ்பி வரிசைகளை வைத்த ஃப்ளாக்ஸ் எலி ஒன்று. பி1 என்ற பாக்டீரியா வைரஸின் கிரீ நொதியைச் சில செல்களில் மட்டும் உண்டாக்கும் எலி இன்னொன்று. இவற்றின் வழித்தோன்றலில் கிரீ எங்கே இருக்கிறதோ அங்கே இடைப்பட்ட பகுதி வெட்டப்படும். ஆனால் எந்தச் செல்லில், எப்போது, எவ்வளவு நீங்கியது என்பதைச் சோதிக்காமல் ஊகித்துக்கொள்வதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் தடம் மாறுகின்றன.

முதல் ஊகம், கிரீ எலியின் பெயரை அப்படியே நம்புவது. பார்வால்புமின் என்ற புரதம் உள்ள செல்களில் கிரீ உண்டாக்கும் பார்வால்புமின்-கிரீ என்றால் மூளைப் புறணியின் தடுப்பு நரம்பணுக்கள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தசையின் நிலையை உணரும் புலன் நரம்பணுக்களிலும் பார்வால்புமின் உண்டு. எலி தள்ளாடினால் காரணம் மூளையிலா, தண்டுவடத்துக்கு வெளியிலா என்று யோசிக்க வேண்டும். இஎம்எக்ஸ்1-கிரீ கிளர்ச்சி நரம்பணுக்களோடு, நரம்பணு அல்லாத துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளிலும் மரபணுவை நீக்கிவிடும்.

இதைவிட ஆபத்தானது விந்தணுவிலோ கருமுட்டையிலோ கிரீ வேலை செய்துவிடுவது. அப்படி நடந்தால் அடுத்த தலைமுறைக் குட்டி உடல் முழுவதும் ஒரு பிரதியை இழந்தே பிறக்கும். நீங்கள் அதைக் கண்டிஷனல் எலி என்று எண்ணி அளந்துகொண்டிருப்பீர்கள். 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, நரம்பியலில் அதிகம் பயன்படும் 64 கிரீ எலி வகைகளை அலசியது; பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்தக் கசிவு இருந்தது. சினாப்ஸ் ஆய்வாளர்கள் விரும்பி எடுக்கும் சினாப்சின்1-கிரீயில் கசிவு விதைப்பையில் நடக்கிறது. ஆகவே அங்கே கிரீ தாய் வழியாக வர வேண்டும். எல்லா வகைக்கும் இது பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். கண்டுபிடிக்கும் வழி கடினமானதல்ல. வால் நுனியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையில் ஃப்ளாக்ஸ் வரிசையை மட்டும் தேடாமல், வெட்டுப்பட்ட வரிசைக்கும் பிரைமர் (தேடும் வரிசையைப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) போடுங்கள். மூளைக்கு மட்டுமான கிரீயாக இருந்தும் வாலில் வெட்டுப்பட்ட பட்டை பளிச்சென்று தெரிந்தால் அந்தக் குட்டியை ஆய்வில் சேர்க்காதீர்கள். கிரீ வெட்டிய செல்கள் ஒளிரும்படி அமைத்த செய்தியாளர் எலியின் சிவப்பு ஒளிர்வையும் முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் வெட்டு நடந்ததால் உங்கள் மரபணுவிலும் நடந்தது என்றாகாது. உங்கள் புரதத்தையோ ஆர்.என்.ஏ.வையோ அந்தச் செல்லிலேயே பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டு எலிகள். கிரீ இல்லாத ஃப்ளாக்ஸ் எலிகளோடு மட்டும் ஒப்பிடுவது செலவைக் குறைக்கும், ஆனால் போதாது. நெஸ்டின்-கிரீ எலிகள் எந்த மரபணுவும் நீங்காமலேயே உடல் சிறுத்து இருக்கும். அச்ச நினைவுச் சோதனையிலும் அவை பின்தங்கியதாக 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் குறையை உங்கள் சினாப்ஸ் மரபணுவின் கணக்கில் எழுதிவிடுவது எவ்வளவு எளிது! மறுபுறம், ஃப்ளாக்ஸ் வரிசையும் எப்போதும் சாதுவல்ல. ரெட் நோய் என்ற நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டோடு தொடர்புள்ள மெக்பி2 மரபணுவின் ஃப்ளாக்ஸ் எலி ஒன்றில் கிரீ வருவதற்கு முன்பே புரத அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எனவே கிரீ மட்டும் உள்ளவை, ஃப்ளாக்ஸ் மட்டும் உள்ளவை இரண்டும் தேவை, முடிந்தவரை ஒரே ஈற்றுக் குட்டிகளாக.

எலியின் பின்னணி இனமும் அப்படித்தான். பெரும் கூட்டுத் திட்டங்களின் பல ஃப்ளாக்ஸ் எலிகள் சி57பிஎல்/6என் என்ற இனத்தின் செல்களில் உருவானவை. கிரீ எலிகள் பெரும்பாலும் அதன் நெருங்கிய உறவான 6ஜே இனம். 6என் இனத்தில் சைஃபிப்2 என்ற, சினாப்ஸோடு தொடர்புள்ள மரபணுவிலேயே ஒரு மாற்றம் உண்டு. அதனால் கொக்கெய்னுக்கு அவை காட்டும் எதிர்வினை குறைவு என்று 2013-ல் தெரிந்தது. விழித்திரையைப் பாதிக்கும் இன்னொரு மாற்றமும் அவற்றில் உண்டு. பார்வையை நம்பிய நீர்ப் புதிர்ச் சோதனையில் இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

காலம் பற்றிய தவறைத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் மருத்துவ நம்பிக்கை இதில்தான் தொங்குகிறது. 2007-ல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு, நோயுற்ற எலிகளில் மெக்பி2-ஐ மீண்டும் இயக்கியது. முற்றிய அறிகுறிகள்கூடப் பின்வாங்கின. 2012-ல் அறிவுத்திறன் குறைபாட்டோடு தொடர்புள்ள சின்கேப்1 மரபணுவில் அதே கேள்வியைக் கேட்டபோது, வளர்ந்த எலியில் சரிசெய்தும் நடத்தையும் அறிவாற்றலும் மேம்படவில்லை. 2016-ல் ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஷாங்க்3 மரபணுவை வளர்ந்த எலியில் மீட்டபோது பழகும் விதமும் ஓயாமல் உடலை நக்கும் பழக்கமும் சீரடைந்தன, பதற்றம் சீரடையவில்லை. மூன்றும் கிரீ வழியாக வந்த முடிவுகள்தாம். ஆகவே ஒரே வயதில் மரபணுவை நீக்கிப் பார்த்துவிட்டு, அது அந்த நோயில் என்ன செய்கிறது என்று பொதுவாக எழுதக் கூடாது. மரபணு வெட்டுப்பட்ட அன்றே புரதம் மறைவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். சினாப்ஸ் புரதங்கள் பல நாட்கள் தங்கும். கிரீயைக் குறித்த நேரத்தில் இயக்க டமாக்சிஃபன் கொடுத்தால் கட்டுப்பாட்டு எலிகளுக்கும் அதே அளவு கொடுங்கள், அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் வேலை செய்யும் மருந்து.

எந்த எக்ஸானை (மரபணுவில் புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டை) வெட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஷாங்க்3-க்குப் பல தொடக்க இடங்கள் உள்ளன. முன்பகுதியை நீக்கினால் பின்னால் தொடங்கும் வடிவங்கள் அப்படியே உருவாகும். மரபணுக் குறியீடு மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், வெட்டப்படும் நீளம் மூன்றால் வகுபட்டால் குட்டையான புரதம் தப்பிப் பிழைக்கலாம்.

சின்கேப்1 பாதிப்புள்ள குழந்தைகள் பெரும்பாலும் ஒரு பிரதியை மட்டுமே இழந்தவர்கள். இரண்டு பிரதிகளையும் நீக்கிய எலி அந்த மரபணுவின் வேலையைச் சொல்லும். அந்தக் குழந்தையின் நிலையைச் சொல்ல ஒரு பிரதி இழந்த எலிகளின் குழுவும் வேண்டும். இனப்பெருக்கத் திட்டம் போடும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள், பிறகு சேர்ப்பது மாதக்கணக்கான வேலை. எண்ணிக்கை குறைகிறதே என்று நான்கு எலிகளிலிருந்து நாற்பது நரம்பணுக்களைப் பதிவுசெய்து நாற்பது மாதிரிகள் என்று எழுதாதீர்கள். அவை நான்கு எலிகள்தான். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் கிரீ எலியின் முழுப் பெயர், கிரீ எந்தப் பெற்றோர் வழி வந்தது, எலிகளின் வயது, பால், பின்னணி இனம் எல்லாவற்றையும் எழுதுங்கள்.